புகையின் நிறமும் எஞ்சினின் நோயும்

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. அடுப்படியில் பழகிய தாய்மார்கள் இதற்கு மேலும் ஒன்றை அறிவார்கள். காய்ந்த விறகு கொழுந்துவிட்டு எரியும்போது புகை தெரிவதில்லை. விறகு ஈரமாயிருந்தாலும், அடுப்பில் காற்றோட்டம் குறைந்தாலும், எரியக்கூடாத பொருள் தீயில் விழுந்தாலும்தான் வீடு முழுவதும் புகை மண்டுகிறது. மோட்டார் காரின் எஞ்சினும் ஓர் அடுப்பே ஆகும். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சூடேறிய பின்பு கண்ணுக்குத் தெரியும் புகையை விடுவதில்லை. புகை தெரியுமானால் எங்கோ ஒரு குறை இருக்கிறது. அக்குறை எது என்பதைப் புகையின் நிறமும், அது வெளிப்படும் நேரமும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதனை அறிந்திருப்பது கிராமத்தாருக்கு மிகவும் பயனுள்ளதாகும். புதுச்சேரி நகரைச் சூழ்ந்துள்ள வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துக்களின் சிற்றூர்களில் பழைய கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்வதற்கும், திருமண காரியங்களுக்கும், நகரத்துச் சந்தைக்கும் அது உதவுகிறது. வாடகைக்கு ஓட்டுவோருக்கு அதுவே பிழைப்பு. அத்தகைய வண்டி புகைக்கத் தொடங்கியதும், "எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும்" என்ற சொல் உரிமையாளரின் காதில் விழுகிறது. அச்சொல் சில வேளைகளில் உண்மை. பல வேளைகளில் குறையெல்லாம் ஒரு சிறு ரப்பர் சீலிலோ, அடைத்துக்கொண்ட ஒரு குழாயிலோ அடங்கியிருக்கும். ஒரு போகத்து வருமானத்தை விழுங்கக்கூடிய செலவைச் செய்யுமுன் உண்மையை அறிந்துகொள்ளும் வழிகளை இங்கே வரிசையாகக் காண்போம்.

புதுச்சேரியும் மோட்டார் வண்டியும்

மோட்டார் தொழிலில் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் பல பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவை. வண்டியை நிறுத்திப் பாதுகாக்கும் இடத்துக்கு 'கராஜ்' என்று பெயர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் உறுப்பு 'கார்புரேட்டர்' ஆயிற்று. கார் ஓட்டுநரைக் குறிக்கும் 'ஷோபர்' என்ற சொல்லுக்கு முதற்பொருள் சூடேற்றுபவர் என்பதாகும்; நீராவி எஞ்சினுக்குக் கரி தள்ளிச் சூடேற்றியவரை அது குறித்தது. இன்றைய எஞ்சின்களுக்கு அடிப்படையான நான்கு வீச்சு முறையை 1862ஆம் ஆண்டில் எழுத்தில் விளக்கியவரும் அல்போன்ஸ் போ தெ ரோஷா என்ற பிரெஞ்சுப் பொறியாளரே. அம்முறையில் வெற்றிகரமாக இயங்கும் எஞ்சினை ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் உருவாக்கினார்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. அக்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் பெருகத் தொடங்கிய கார் அம்பாசடர் ஆகும். வங்காளத்திலுள்ள உத்தரபாராவில் தயாரான அவ்வண்டி 2014ஆம் ஆண்டு வரையில் உற்பத்தியில் இருந்தது. அதன் நெடுநாளைய பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. 1983இல் வெளிவந்த மாருதி 800 மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டது. இவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும், பேணி வைத்திருப்போரிடம் இவை இன்னும் ஓடுகின்றன. கீழே கூறப்படும் முறைகள் இவ்விரண்டுக்கும் பிற பழைய கார்களுக்கும் பொருந்தும்.

எஞ்சினுக்குள் எண்ணெயின் வேலை

சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. முதல் வீச்சில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டாம் வீச்சில் அது அழுத்தப்படுகிறது. மூன்றாம் வீச்சில் பற்றியெரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காம் வீச்சில் எரிந்த வாயு வெளியே தள்ளப்படுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. இவ்வளவு வேகமான உராய்வில் உலோகம் தேயாமலிருக்கச் சிலிண்டர் சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்துகொண்டே இருக்கவேண்டும்.

அப்படலம் எரியறைக்குள் புகாதபடி காப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள். மெக்கானிக்குகள் இவற்றை 'ரிங்' என்பர். மேலுள்ள ரிங்குகள் எரியும் வாயு கீழே கசியாமல் தடுக்கின்றன. அடியிலுள்ள எண்ணெய் ரிங் சுவரில் மிகுதியாக உள்ள எண்ணெயை வழித்துக் கீழே விடுகிறது. பிஸ்டன்களும் ரிங்குகளும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும் என்ற நிலை நம் நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. 1949இல் சென்னை செம்பியத்தில் தொடங்கப்பெற்ற இந்தியா பிஸ்டன்ஸ் தொழிற்சாலை அந்நிலையை மாற்றியவற்றுள் ஒன்றாகும்.

எண்ணெய் எரியறைக்குள் நுழையக்கூடிய முக்கிய வழிகள் மூன்று. ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தால் கீழிருந்து மேலே ஏறும். வால்வின் தண்டு ஓடும் 'கைடு' தேய்ந்தாலோ, அதன் ரப்பர் சீல் இறுகி வெடித்தாலோ மேலிருந்து கீழே இறங்கும். எஞ்சினின் அடியறையில் சேரும் வாயுவை வெளியேற்றும் சுவாசக் குழாய் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெய் கிடைத்த வழியிலெல்லாம் வெளிப்படும். இவற்றுள் முதல் வழிக்கே பெருஞ்செலவு தேவை. மூன்றாவது வழிக்குத் தேவையானது பெரும்பாலும் சுத்தம் செய்வது மட்டுமே.

தேய்மானம் எவ்வளவு நுண்ணியது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். 500 கி.மீ. தூரத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கும் நான்கு சிலிண்டர் காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால், அத்தூரத்துக்குள் அதன் சிலிண்டர்களில் மொத்தம் 30 லட்சம் முறை எரிப்பு நிகழ்கிறது. ஓர் எரிப்புக்கு விழும் எண்ணெய் ஒரு துளியில் நூறில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு சிறு கசிவே வண்டியின் பின்னால் நீலப் புகையாகப் படர்கிறது.

நிறம் கூறும் செய்தி

வெண்மை: விடியற்காலையில் வண்டியைக் கிளப்பியதும் மெல்லிய வெண்புகை வந்து சில நிமிடங்களில் மறைந்தால் அஞ்சவேண்டியதில்லை. அது நீராவியே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரும் உண்டாகிறது. குளிர்ந்த சைலன்சரில் அது ஆவியாகவும் துளியாகவும் தெரிகிறது. கடற்காற்றின் ஈரம் நிறைந்த புதுச்சேரியில் மார்கழி, தை மாதக் காலைகளில் இதனை எல்லா வண்டிகளிலும் காணலாம். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்பும் அடர்ந்த வெண்புகை தொடர்ந்து வருமானால், ரேடியேட்டர் நீர் எரியறைக்குள் கசிகிறது என்று ஐயுறவேண்டும். குளிர்விப்புத் திரவம் ஊற்றிய வண்டியில் அப்புகைக்கு ஒருவித இனிய மணமும் உண்டு. ரேடியேட்டரில் அடிக்கடி நீர் குறைவதும், அதில் குமிழிகள் எழுவதும் இதனை உறுதிசெய்யும். ஹெட் காஸ்கெட் பழுதுபட்டிருக்கலாம். ஹெட் வளைந்தோ வெடித்தோ இருக்கலாம். இந்நிலையில் வண்டியை ஓட்டுதல் கூடாது.

கருமை: எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஏர் கிளீனர் புழுதியால் அடைத்திருத்தல், சோக் மூடியபடி சிக்கியிருத்தல், கார்புரேட்டரின் மிதவை நீடில் தேய்ந்து பெட்ரோல் வழிதல் ஆகியவை வழக்கமான காரணங்கள். இதற்கும் எண்ணெய் எரிவதற்கும் தொடர்பில்லை. கரும்புகைக்காக எஞ்சினை இறக்குவது தலைவலிக்குக் காலைக் கட்டுவது போன்றதாகும்.

நீலம்: சாம்பல் கலந்த நீலப் புகையும், எண்ணெய் தீய்ந்த நாற்றமும் எஞ்சின் எண்ணெய் எரிவதற்கு அடையாளம். மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் வண்டியின் பின்புறம் நின்று, இருண்ட பின்னணியில் பார்த்தால் இந்நிறம் தெளிவாகத் தெரியும். சந்தேகமிருந்தால் சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வெள்ளைத்தாளை அரை நிமிடம் பிடிக்கவேண்டும். நீர்த்துளி காய்ந்து மறையும். கரி உலர்ந்த பொடியாக உதிரும். எண்ணெயோ பிசுபிசுப்பான புள்ளியாகத் தங்கிவிடும்.

நேரம் கூறும் செய்தி

நீலப் புகை என்று தெரிந்தபின், அது எப்போது வருகிறது என்று கவனித்தல் வேண்டும். பெருஞ்செலவா, சிறுசெலவா என்பதை அறிவதற்கு இதுவே முதற்படி.

இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து பின்னர் நின்றுவிட்டால், வால்வு சீல்களே காரணமாயிருக்கக்கூடும். ஹெட்டின் மேல் தங்கிய எண்ணெய் இரவில் சொட்டுச் சொட்டாக வால்வுத் தண்டின் வழியே இறங்கிச் சேர்ந்திருக்கிறது.

நேரு வீதி போன்ற நெரிசலான தெருவில் நெடுநேரம் நின்றபடி ஓடிய வண்டி, புறப்படும்போது புகைத்தாலும் காரணம் அதுவே. ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைக்கையில் எஞ்சினின் உறிஞ்சும் விசை மிகுகிறது. அவ்விசை தேய்ந்த கைடு வழியாக எண்ணெயை இழுக்கிறது. ஆகவே வேகம் தணியும்போதும், மீண்டும் ஆக்சிலரேட்டரை அழுத்தும் கணத்திலும் புகை தெரிந்தால் வால்வு கைடுகளைச் சோதிக்கவேண்டும்.

மாறாக, பாரம் ஏற்றிச் செல்லும்போதும், மேட்டில் ஏறும்போதும், வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து புகை வந்து, சமநிலையில் ஓடும்போது குறைந்தால் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்தன என்று கொள்ள இடமுண்டு. புதுச்சேரி நகரம் சமதளம். ஆதலால் இச்சோதனைக்குக் கோரிமேட்டு ஏற்றமோ, ஒரு மேம்பாலமோ ஏற்றது. பின்னால் மற்றொரு வண்டியில் ஒருவர் தொடர்ந்து வந்து, எவ்விடத்தில் எவ்வளவு புகை தெரிகிறது என்று கவனித்துச் சொன்னால் முடிவு தெளிவாகும். கார் ஓட்டுபவருக்குத் தம் வண்டியின் புகை சரிவரத் தெரிவதில்லை.

முதலில் கணக்கு

எண்ணெய் குறைகிறது என்பதாலேயே அது எரிகிறது என்று முடிவுகட்டக்கூடாது. அது ஒழுகியும் போகலாம். இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வைத்தால் மறுநாள் காலையில் சொட்டுக்களின் இடமும் அளவும் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு குறிப்பேடு தொடங்கவேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் நுழைத்துப் பார்த்தல் முறை. அன்றைய கி.மீ. கணக்கையும் எண்ணெய் மட்டத்தையும் எழுதி, பின்னர் ஊற்றும் ஒவ்வோர் அளவையும் பதிந்து வரவேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையிலுள்ள அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆயிரம் கி.மீ. ஓடியபின் உண்மையான செலவு தெரியும். ஆயிரம் கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்று கார்த் தயாரிப்பாளர் சிலர் கூறுவதுண்டு. எனினும் நல்ல எஞ்சின் அதனினும் மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும்.

மேற்கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் புகைக்கு ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. சுழலும் கிராங்க் அதில் அடிபட்டு நுரைக்கச் செய்து, ரிங்குகள் வழிக்கமுடியாத அளவு எண்ணெயைச் சுவரில் வாரி இறைக்கும். எண்ணெயைச் சரியான மட்டத்துக்குக் குறைத்ததும் புகை நின்ற வண்டிகள் உண்டு.

பரிசோதனை வரிசை

செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குச் செல்வதே முறையாகும்.

முதலாவது, சுவாசக் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி நன்கு உலர்த்தி மாட்டவேண்டும். அதில் சிறு வால்வு இருந்தால் அதனையும் பார்க்கவேண்டும். பிறகு ஓடும் எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கவனிக்கவேண்டும். லேசான ஆவி இயல்பு. விட்டுவிட்டு விசையுடன் வாயு குபுகுபுவென்று வெளியேறினால், எரிந்த வாயு ரிங்குகளைக் கடந்து அடியறைக்குள் வருகிறது என்று பொருள்.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று வரிசை மாறாமல் வைக்கவேண்டும். முனை வெளிர்பழுப்பு நிறமாயிருப்பது நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. ஈரமாகவும் கருமையாகவும் எண்ணெய் மின்னினால் அச்சிலிண்டரில் எண்ணெய் இறங்குகிறது. நான்கில் ஒன்றுமட்டும் ஈரமாயிருந்தால் எஞ்சின் முழுவதும் தேய்ந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது, கம்பிரஷன் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, பற்றவைக்கும் மின்சாரத்தையும் எரிபொருளையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, அழுத்தமானியை ஒரு துளையில் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சில வினாடிகள் சுழற்றவேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதிக்கொள்ளவேண்டும். மொத்த அளவைக் காட்டிலும் சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடே முக்கியம். மிகுந்ததற்கும் குறைந்ததற்கும் 10 முதல் 15 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறையுள்ள சிலிண்டர் அதுவே.

நான்காவது, ஈரச் சோதனை. அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, மீண்டும் அளக்கவேண்டும். அழுத்தம் நன்கு உயர்ந்தால், எண்ணெய் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்தது என்று பொருள். தேய்மானம் ரிங்கிலும் சிலிண்டரிலும் உள்ளது. உயராவிட்டால் வால்வு உட்காரும் இடத்திலோ ஹெட் காஸ்கெட்டிலோ கசிவு உண்டு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் மட்டும் தாழ்ந்திருந்தால் அவற்றின் இடையே காஸ்கெட் பழுதுபட்டிருத்தல் கூடும்.

எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் நன்றாயிருந்தும் காலையில் நீலப் புகை வந்தால், வால்வு சீல்களை மாற்றுவதே முதல் மருத்துவம். இந்த ஒரு முடிவைத் தெரிந்துகொள்வதற்காகவே அழுத்தமானியின் செலவு தகும். தேர்ந்த மெக்கானிக் ஹெட்டைக் கழற்றாமலே பல எஞ்சின்களில் இவ்வேலையைச் செய்துவிடுவார். எண்ணெய் ரிங் மட்டும் கரி பிடித்து அசையாமல் ஒட்டிக்கொண்ட எஞ்சினிலும் அழுத்தம் சரியாக இருப்பதுண்டு. ஆதலின் சீல் மாற்றியும் புகை நிற்கவில்லையெனில் ரிங்கை ஐயுறலாம். நகருக்குள்ளேயே சிறுதூரம் ஓடி, எஞ்சின் சூடேறுமுன் அணைக்கப்படும் வண்டிகளிலும், மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்ட வண்டிகளிலும் இவ்வாறு ரிங் ஒட்டுதல் நேரலாம்.

டீசல் வண்டிகள்

டீசல் காருக்கும், பாகூர் வயல்களில் உழும் டிராக்டருக்கும், நீர் இறைக்கும் ஆயில் எஞ்சினுக்கும் நிறங்களின் பொருள் சிறிது வேறுபடும். பாரம் மிகுந்தபோது கரும்புகை வருவது எரிபொருள் மிகுதியையோ, அடைத்த ஏர் கிளீனரையோ, பழுதுபட்ட நாசிலையோ காட்டும். குளிர்ந்த நிலையில் கண்ணைக் கரிக்கும் வெண்புகை எரியாத டீசலாகும். நாசில், டைமிங், அழுத்தக் குறைவு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். நீலம் இங்கும் எண்ணெயே. மேற்கூறிய ஈரச் சோதனையை டீசல் எஞ்சினில் செய்யலாகாது. அதன் அழுத்தம் மிகப் பெரிது. ஊற்றிய எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். அதற்கென உள்ள அழுத்தமானியுடன் பயிற்சி பெற்றவரே அளக்கவேண்டும். அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றிய டீசல் எஞ்சின், அவ்வெண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, டீசலை நிறுத்திய பின்பும் கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயமும் உண்டு.

பரிகாரமும் செலவும்

சிலிண்டர் தேய்ந்தது உறுதியானால், போர் அடித்துப் பெரிய அளவு பிஸ்டன் பொருத்துதல், அல்லது புதிய ஸ்லீவ் இறக்குதல் ஆகியவையே நிலையான பரிகாரம். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. சிலிண்டர் முட்டைவடிவாகவும் மேலகன்றும் தேய்ந்திருக்க, ரிங்கை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்வது சில மாதங்களில் வீணாகிவிடும். ஆகவே அளவுகருவியால் சிலிண்டரை அளந்து அவ்வளவைக் காட்டும்படி உரிமையாளர் கேட்டல் வேண்டும். பழைய உறுப்புகளையும் திரும்பப் பெற்றுப் பார்த்தல் நலம்.

இனிச் செலவை எண்ணுவோம். ஒரு கார் மாதம் 1000 கி.மீ. ஓடி, 500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 24 லிட்டர். லிட்டர் 400 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 9600 ரூபாய். பழுது நீக்கியபின் 2000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் போதுமானால் ஆண்டுச் செலவு 2400 ரூபாய், மிச்சம் 7200. முழு எஞ்சின் வேலைக்கு 40,000 ரூபாய் ஆகுமெனில் அத்தொகையை மீட்க ஐந்தரை ஆண்டுக்கு மேல் செல்லும். சீல் மாற்றும் வேலைக்கு 4000 ரூபாய் ஆகுமெனில் ஏழு மாதத்துக்குள் மீண்டுவிடும். தம் ஊர் விலைகளை இவ்விடங்களில் இட்டு ஒவ்வொருவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இக்கணக்கில் சேராத செலவு ஒன்றுண்டு. வண்டியின் பின்னால் சைக்கிளில் வருபவரும், சாலையோரக் கடைக்காரரும், பள்ளிக் குழந்தையும் அப்புகையைச் சுவாசிக்கின்றனர். உரிமையாளர் மிச்சம் பிடித்ததாக எண்ணும் பணத்தை அவர்கள் தம் உடல்நலத்தால் கொடுக்கிறார்கள்.

கெட்டியான எண்ணெய் ஊற்றுவதாலும், கடைகளில் விற்கும் புகைநிறுத்தி மருந்துகளாலும் புகை சில நாள் குறையலாம். தேய்ந்த இரும்பு அவற்றால் வளர்வதில்லை. மிகக் கெட்டியான எண்ணெய், கிளப்பும் வேளையில் மேலுள்ள உறுப்புகளைச் சென்றடையத் தாமதமாகி, புதிய தேய்மானத்துக்கு வழிசெய்யும்.

பழைய கார் வாங்குவோர்க்கு

வாங்கப் போகும் காரை எஞ்சின் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்கவேண்டும். போனட்டின் மேல் கைவைத்து அது முன்பே சூடாயிருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்புதல் நன்று. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பளிங்குபோல் புத்தம் புதிதாயிருந்தால் அது ஏன் அன்று மாற்றப்பட்டது என்று கேட்கவேண்டும். சைலன்சர் வாயின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்து, பிசுக்கு ஒட்டுகிறதா என்று அறியவேண்டும். பின்னர் பத்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்திப் புகையைக் காணவேண்டும். புகையை மாற்றும் சாதனம் சைலன்சரில் பொருத்திய பிற்காலக் கார்களில் எண்ணெய் எரிந்தாலும் புகை அதிகம் தெரியாது. அவற்றுக்கு எண்ணெய்க் கணக்கே சான்று. அன்றியும், எரிந்த எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் அச்சாதனத்தையும் நாளடைவில் கெடுத்துவிடும்.

உடல்நலம், சட்டம், நீர்நிலை

எஞ்சின் வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் சிவப்பணுப் பொருளுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிணைகிறது. கடற்காற்றின் உப்பால் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்த வண்டியில் இவ்வாயு உள்ளேயே புகக்கூடும். ஆகவே சோதனைகளைத் திறந்தவெளியில் செய்யவேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே ஆபத்து. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் கூடாது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒவ்வொரு வண்டிக்கும் புகைக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட சட்டம் மாசு விதிகளை மீறுவோருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. எனினும் ஒன்றை நினைவிற்கொள்க: பெட்ரோல் காரின் சோதனையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன, எண்ணெய்ச் செலவு அளக்கப்படுவதில்லை. சான்றிதழ் கையிலிருப்பதால் மட்டும் எஞ்சின் நலமென்று கருதிவிடலாகாது.

மாற்றிய பழைய எண்ணெயை என்ன செய்வது என்பதும் கிராமத்தார் பொறுப்பேயாகும். கரையானைத் தடுக்க மரத்தூணில் பூசுவதும், வாய்க்காலில் கொட்டுவதும் பலரிடமுள்ள வழக்கம். சட்டப்படி அது அபாயக் கழிவு. நீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவும் எண்ணெய் மிகச் சிறிதாயினும் பெரும்பரப்பை மூடிவிடும். ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால்களில் அது கலக்கலாமா? மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பட்டறையிடம் ஒப்படைப்பதே தக்கது.

அழுத்தமானி ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கவேண்டியதில்லை. ஊரிலுள்ள கார், டிராக்டர் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து வாங்கி, அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவரிடம் வைக்கலாம். டீசல் எஞ்சினுக்குரியதைத் தனியே வாங்கவேண்டும். எண்ணெய்க் குறிப்பேடும், பிளக்குகளின் நிறமும், நான்கு சிலிண்டர்களின் அழுத்தக் கணக்கும் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்பவரிடம் தேவையற்ற வேலையைச் சொல்வது எளிதன்று. நேர்மையான மெக்கானிக்குக்கும் அக்குறிப்புகள் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.